வாடகைச் சீட்டில் என் பெயர்

இலங்கை மலைநாட்டின் இந்த நோர்வூட் கடைவீதியில் எனக்கு இன்னமும் பழகாத ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார். சப்பாத்துக் காலோடு நேராக உள்ளே வந்து நிற்பார். மணப்பாறையில் எங்கள் வாசலில் போலீஸ்காரன்கூட வெளியே நின்றுதான் கூப்பிடுவான். எங்கள் வீட்டுக்காரர் சிங்கள முதலாளி. முன்னறை தையல்கடை, பின்னறை குடித்தனம் என்று என் கணவர் அந்தோணியின் பெயரில் வருடாவருடம் வாடகைச் சீட்டு எழுதித் தருவார்.

நான் வந்த மறுவருட மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து லொறி கவிழ்ந்து அந்தோணியின் வலது கை முழங்கையோடு போயிற்று. அன்றிலிருந்து தையல் மிசினில் நான் உட்கார்ந்தேன். கொழுந்து பறிக்கும் பெண்களின் ரவிக்கைகள் குறையாமல் வந்துகொண்டிருந்தன. சீட்டைப் புதுப்பிக்கும் மாதம் முதலாளி வந்தபோது, அந்தோணி கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

"இந்த வருசமும் எழுதிக் குடுங்க மொதலாளி," என்றேன்.

அவர் தம் முழங்கையைத் தட்டிக் காட்டி, "எபா," என்றார்.

நான் கப்பலேறி வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. 'எப்ப' என்று கேட்கிறார் என நினைத்து, "திங்கக்கெழமங்க," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தம் மருமகனோடு வந்தார். கையெழுத்துப் போட வருகிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். மருமகன் அதைத் தூக்கி வீதியில் எறிந்தான். அடுத்துச் சோற்றுப்பானை, துணிமூட்டைகள், மாதா படம். மிசினை அவன் இழுத்தபோது அந்தோணி ஒற்றைக் கையால் அதைக் கட்டிக்கொண்டார். முதலாளி கதவுக்கட்டையை எடுத்து அவர் மண்டையில் அடித்தார். தைத்து வைத்திருந்த ரவிக்கைகளின் மேல் இரத்தம் கொட்டியது.

கரி கனன்றுகொண்டிருந்த இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி மருமகனின் கையில் அழுத்தினேன். தோல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் அலறி விழுந்தான். முகத்துக்கு ஓங்கும்போது, பக்கத்து பேக்கரிக்காரர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு தங்கச்சி, செத்துருவான்."

முதலாளியோடு சிங்களத்தில் பேசிவிட்டு என்னிடம் திரும்பினார். "எபான்னா வேணாம்னு அர்த்தம். கையில்லாதவனுக்கு எடம் வேணாம்னுருக்காரு. மருமகனுக்கு இங்க கட வச்சுக் குடுக்கப் போறாராம். நீ திங்கக்கெழம காலி பண்றதா ஒத்துக்கிட்டியாம்."

ஒரே வேனில் அந்தோணியையும் மருமகனையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முனகினார்கள். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தியிருக்கலாம் என்றிருந்தது. ஊரில் இதைப் படிப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. போலீசுக்கு நாங்கள் போகவில்லை. போனால் முதலில் எந்த நாடு என்றுதான் கேட்பார்கள்.

மருமகன் அந்த இடத்தில் கடை வைக்க மாட்டேன் என்றுவிட்டான். சில வாரம் கழித்து, அந்தோணியோடு பேக்கரித் திண்ணையில் ஒண்டித் தைத்துக்கொண்டிருந்த என்னிடம் முதலாளி தனியாக வந்து, மிசினையும் என்னையும் பார்த்தார்.

"நீங்கதா தைக்கிறது?" என்றார், கொச்சைத் தமிழில்.

"ஆமாங்க. இனி என் பேருலயே எழுதுங்க."

எழுதினார். ஊர் என்ற இடத்தைக் காலியாக விட்டுச் சீட்டை என் பக்கம் தள்ளினார். "நோர்வூட்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், மணப்பாறை என்றிருந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கீழே கையெழுத்துப் போட்டார்.