மடியில் ஐம்பது கடலை

ராசிபுரம் பேருந்து நிலையத்தில் எங்கள் பேருந்து நகராமல் நிற்கிறது. மணி மூன்று, இயேசு உயிர்விட்ட இரக்கத்தின் நேரம். நாமக்கல்லில் தம்பிக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கிறது. இறை இரக்க நவநாள் என்னும் ஒன்பது நாள் செபத்தின் ஏழாம் நாளில், செபமாலையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரே செபத்தைத் திரும்பத் திரும்ப விரலில் எண்ணி முணுமுணுத்தால் பதற்றத்தில் கணக்குத் தவறுகிறது.

"ஏனுங்க, எத்தனை தடவை சொல்லோணும்?" திருநீறு பூசிய பக்கத்து இருக்கை அம்மா கேட்கிறார்.

"ஐம்பதுங்க."

அவர் பையிலிருந்து ஐம்பது நிலக்கடலையை எண்ணித் தன் மடியில் போடுகிறார். "நீங்க சொல்லுங்க சாமி, நான் எண்ணறனுங்க."

நான் ஒவ்வொரு முறை "இரக்கமாயிரும்" என்று முடிக்கும்போதும் ஒரு கடலை பைக்குத் திரும்புகிறது.

மூன்று மீதியிருக்கையில் போன் அடிக்கிறது. தம்பி மனைவி. முடிக்காமல் எடுக்கவும் பயம், எடுக்காமலிருக்கவும் பயம்.

"எடுங்க சாமி," என்கிறார். "மீதி மூணை நான் சொல்றனுங்க. கேட்டுக் கேட்டுப் பாடமாயிருச்சு."