சகுந்தலா அக்காவின் கம்பளி எருமை

போன வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பில் பால் வைத்திருந்தேன். செல்போன் அடித்தது. பால் பொங்குகிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் எடுத்தேன். கூப்பிட்டவள் சகுந்தலா அக்காவின் மகள். "அம்மா பூட்டாங்க சித்தி. தூக்கத்துலயே" என்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை ரொம்ப நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

எங்களோடு அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எங்களைக் கூப்பிட்டவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும், முகம் தெரியாவிட்டாலும் குரலாவது தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் எங்கள் எக்ஸ்சேஞ்ச். சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு போர்டு. ஒவ்வொரு போனுக்கும் அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேலே ஒரு குட்டித் தகடு. அங்கே ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய தகடு 'டக்'கென்று விழும். நாங்கள் பிளக்கைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, அவர் சொல்லும் நம்பருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். வெளியூர் என்றால் டிரங்க் கால், பதிந்துகொண்டு காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

நான் மாகறல்காரி. அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். தம்பி எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கிடைத்தது தற்காலிக ஆபரேட்டர் வேலை. ஒழுங்காகப் பேசினால் நிரந்தரம் ஆகும், மேலிடத்துக்குப் புகார் போனால் மறுநாளே நிற்கச் சொல்லிவிடுவார்கள். அந்த வேலை போனால் அம்மாவோடு நானும் சேற்றில் இறங்க வேண்டியதுதான், தம்பியின் படிப்பும் அதோடு சரி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததாலேயே வாய் இன்னும் அடைத்துக்கொண்டது.

இரண்டாம் நாளே ரைஸ் மில்காரர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "இன்னா, தூங்கிக்கினு கீறியா அங்க?" என்பதுதான் அவர் சொன்னதில் எழுதக்கூடிய வார்த்தை. முகம் தெரியாத குரல் காதுக்குள்ளேயே வந்து கத்துவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேட்டரி ரூமுக்குள் போய் நின்று அழுதேன். அதற்கப்புறம் மில் தகடு விழுந்தாலே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

சகுந்தலா அக்கா சீனியர் ஆபரேட்டர். காஞ்சிபுரத்தில் வீடு, வீட்டுக்காரர் பட்டு நெசவு. காலை பஸ்ஸில் வருவார். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அவரே எழுந்து வந்து திட்டுவார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் ஓர நாற்காலியை யாருக்கும் விட மாட்டார். ஊறுகாயில் ஒரு துண்டு கேட்டால், "உன் வூட்ல மாங்கா இல்லியா?" என்பார். மெதுவாகப் பேசவே தெரியாது, ரகசியம் சொன்னால் வாசலில் நிற்கும் சைக்கிளுக்கும் கேட்கும். போன் கால் இல்லாத நேரத்தில் மடியில் கம்பளி நூலும் குரோஷா ஊசியுமாக உட்கார்ந்திருப்பார். அந்தக் கொக்கி ஊசி பாட்டுக்கு ஓடும், கண் போர்டிலேயே இருக்கும். தகடு விழுந்தால் ஊசி நிற்கும். பின்னலுக்காக ஒரு போன் காலையும் அவர் காக்க வைத்து நான் பார்த்ததில்லை.

நான் அழுததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குக்கூட வருத்தம்தான், என்ன மனுஷி இவள் என்று. மறுநாள் காலை வந்து பார்த்தால், மில் தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஆணி. அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கம்பளி எருமை தொங்குகிறது. வயிற்றுக்குள் அடைத்திருந்தது தறியில் மிஞ்சிய பட்டிழைத் துண்டுகள். கழுத்தில் ஒரு சின்னச் சீட்டு: 'நான் கத்துவேன். முட்ட மாட்டேன். கொம்பு வெறும் கம்பளி.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மில் தகடு விழுந்தது. அக்கா ஊசியை நிறுத்தி, என் பக்கம் திரும்பாமலே, "அந்தாளு குரல கேக்காத. இத்த பாத்துக்கினு பேசு" என்றார். எருமையைப் பார்த்துக்கொண்டே "நம்பர் ப்ளீஸ்" என்றேன். அவர் கத்தினார். கம்பளிக் கொம்பு ஆடிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக வாய் அடைக்காமல் நம்பரைக் கேட்டு இணைப்புக் கொடுத்தேன்.

அப்புறம் என்னைத் தடுமாற வைக்கிற ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. உரக்கடைக்காரர் ஒரு டிரங்க் காலைப் பதிந்துவிட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவார். அவருக்கு ஒரு குருவி: 'என் கால் வந்துச்சா? வந்துச்சா? வந்துச்சா?' ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டருக்கு ஆமை: 'அவசரமாகச் சொல்ல வந்தது என்னவென்றால்...' சீட்டு அங்கேயே முடிந்துவிடும். எங்கள் மேலதிகாரி உட்கார்ந்திருந்த டிவிஷன் ஆபீஸ் லைனுக்கு ஒரு சாம்பல் நிறப் பூனை. 'நான் வருவது தெரியாது' என்று அதன் கழுத்தில் தொங்கியது. ரொம்ப அழகாக இருக்கிறது அக்கா என்று ஒரு தரம் சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அழகுக்கா செஞ்சேன்? நீ பேசறதுக்கு செஞ்சேன். காதுல வாங்கிக்கோ, நெஞ்சுல வாங்காத" என்றார்.

இதெல்லாம் போர்டோடு இருந்திருந்தால் வம்பே இல்லை. லைன்மேன் ஏழுமலை அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. டீக்கடையில் போய் அவிழ்த்துவிட்டார். ஊரில் இருக்கும் போன்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நம்ம போனு இன்னா மிருகம் என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். உரக்கடைக்காரர் தன் குருவியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்து, கல்லாவில் வைக்க ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். பொம்மை இல்லாதவர்கள், நாங்கள் என்ன பாவம் பண்ணினோம் என்று குறைப்பட்டார்கள். நீங்கள் கத்துவதில்லையே, கத்தினால் வரும் என்று அக்கா பதில் சொல்லி அனுப்புவார்.

மில்காரர் வரவில்லை. அவர் எருமை என்ற செய்திதான் அவரிடம் போனது. நம் ஊரில் ஒருவரை எருமை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? பொதுஜனத்தை மிருகமாக்கி வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று மேலே புகார் எழுதிவிட்டார். அதிலும் புதிதாக வந்த பெண்ணுக்குப் பேசவே தெரியவில்லை என்று என்னையும் சேர்த்திருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அக்காவோ, "எருமன்னா இன்னா கேவலமா? ஊரே குடிக்கற பாலு யாருதாம்?" என்று கேட்டுவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவர் பின்னியதைப் பிரித்துப் பிரித்துத் திரும்பப் பின்னியதை நான் பார்த்தேன்.

நாலைந்து நாள் மழை. மழை விட்ட காலையில் அதிகாரி வந்து இறங்கினார். ஜீப் சத்தம்கூடக் கேட்கவில்லை. நேராகப் போர்டுக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு சீட்டாகப் படித்தார், பூனையின் சீட்டையும் சேர்த்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். அக்கா கழற்றித் தன் கூடைக்குள் போட்டார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "பொம்ம என்னுது சார், பயந்தான் அவளுது. எது எழுதறதுன்னாலும் எம்பேர்ல எழுதுங்க. அவளுக்கு இந்த வேலைய வுட்டா வேற கெதி இல்ல" என்றார். மெதுவாகப் பேசத் தெரியாத அக்கா அதை மெதுவாகச் சொன்னார். அவருக்கும் வீட்டில் மூன்று குழந்தைகள், அவருக்கும் அது வேலைதான்.

அதிகாரி ரெஜிஸ்டரைத் திறந்து மேசையில் வைத்தார். என்னைப் போர்டில் உட்காரச் சொன்னார். அக்கா வாசற்படி அருகே நிற்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். போர்டில் வெறும் ஆணிகள். இரண்டு உள்ளூர்க் கால் போனது. அடுத்து மில் தகடு விழுந்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கத்தினார். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறது, விடியற்காலையிலிருந்து லைன் கிடைக்கவில்லை, நீங்களெல்லாம் மனுஷ ஜாதியா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அதிகாரிக்கே அது கேட்டது. மழையில் காஞ்சிபுரம் லைன் ஒரே இரைச்சல், பிடித்தால் அறுந்து போகிறது. பழக்கத்தில் எருமையைத் தேடினேன். ஆணிதான் இருந்தது. பார்க்க ஒன்றும் இல்லாததால் குரலைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால், அந்த மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். முதல் வாரம் நான் நடுங்கினேனே, அதே நடுக்கம்.

"ஐயா, வைக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். அது என் வாக்கியம் இல்லை. டிரங்க் காலுக்குக் காத்திருந்து தவிப்பவர்களிடம் அக்கா சொல்வது அது. எனக்குத் தெரியாமலே என் வாயில் வந்தது. அவர் திட்டினார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். லைன் அறுந்தது, மறுபடி பிடித்தேன், அவர் திட்டினார், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன். எத்தனை தடவையோ. கடைசியில் ஆஸ்பத்திரி கிடைத்தது. இணைப்பு நிற்கிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுத்தேன். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டது.

இணைப்பைப் பிரித்த பிறகு மில் தகடு மறுபடி விழுந்தது. நான் "நம்பர் ப்ளீஸ்" என்றேன். அவர் நம்பர் சொல்லாமல் கேட்டார்: "உம்பேரு இன்னாம்மா?"

வசந்தா என்றேன். வாசற்படியில் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சளி என்று பின்னால் சாதித்தார்.

அதிகாரி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது அக்காவின் கூடையை எட்டிப் பார்த்து, தன்னை ஏன் பூனை ஆக்கினார்கள் என்று கேட்டார். அக்கா, "இன்னிக்கி நீங்க வந்தது யாருக்கு சார் தெரிஞ்சுது?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்தப் பூனை விசாரணைக்கு வேண்டும் என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். விசாரணையும் திரும்பி வரவில்லை, பூனையும் திரும்பி வரவில்லை. ஆறு மாதம் போல ஆனதும் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

மில்காரர் அதற்கு முன்பே ஒரு நாள் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். வெட்கத்தில் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். பேத்திக்கு அந்த எருமை வேண்டுமாம். அக்கா உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு எழுதிக் கட்டிக் கொடுத்தார்: 'நான் இவளோட தாத்தா. கத்தினால் காதைத் திருகவும்.' அவர் அதை வாசித்துவிட்டு, பத்திரமாக வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார். அந்தப் பேத்தி இன்று அமெரிக்காவிலோ எங்கேயோ இருக்கிறாளாம். எருமை யாரிடம் இருக்கிறதோ.

தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்ததும் அந்தப் போர்டு போயிற்று. அக்கா ஒரு ஊர், நான் ஒரு ஊர் என்று மாற்றல் ஆனோம். அக்காவின் பொம்மை ஒன்றுகூட என்னிடம் இல்லை, எல்லாவற்றையும் யாராவது கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். குரோஷாவும் எனக்குக் கடைசி வரை வரவில்லை. அவர் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு வாக்கியமும், அதைப் பயப்படாமல் சொல்ல ஒரு வாயும். அதை வைத்துத்தான் ஓய்வு பெறுகிற வரைக்கும் சம்பளம் வாங்கினேன். தம்பி வாத்தியார் ஆனான். அம்மா ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாளும் அடுத்தவர் வயலில் இறங்கவில்லை.

போன வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. ஞாயிறுதோறும் நான் கூப்பிடுவேன், மகள் போனை அவர் காதில் வைப்பாள். நான்தான் பேசுவேன், அந்தப் பக்கம் மூச்சுதான் வரும். ஒரு ஞாயிறு மேலே எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எங்கம்மா சேற்றிலிருந்து ஏறினது உங்களால்தான் அக்கா என்றும் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நேரில் ஒரு தடவைகூடச் சொல்லாதது. அவர் கேட்டாரா, புரிந்ததா என்று தெரியவில்லை. போனை வைக்கவும் மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் அக்காவின் காதருகே குனிந்து போனில் பேசினாள். "சித்தி, இன்னாவோ சொல்லணும்னு வாய அசைக்கறாங்க, சத்தந்தான் வரல. போன குடுக்க மாட்டேங்கறாங்க, காதோட அழுத்திப் புடிச்சிக்கினு கீறாங்க" என்றாள்.

"அப்பிடியே இருக்கட்டும்மா" என்றேன். "எனக்குக் கேக்குது."