அம்மா வாசித்த நாற்பது புத்தகங்கள்

வீட்டில் தமிழ் பேசுவோம், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஆரியசாலையில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, முப்பது வயது கடந்தும் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பஸ் போர்டெல்லாம் மலையாளத்தில்தானே என்று அதில் ஒரு திமிர் வேறு.

அம்மா நேர் எதிர். பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் போடுவாள். அப்பா போன மறு வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் புத்தகத்தை விரித்துப் பிடிக்க முடியாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அதிக காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அந்த நான்கு மணி நேரத்தையாவது அவளுக்கு மீட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு மின்நூல் வாசிப்பான் வாங்கி வந்தார். ஒரு கையில் அடங்கிவிடும். பதிப்புரிமை முடிந்த பழைய தமிழ் நாவல்களை யாரோ புண்ணியவான்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். பட்டியல் ஆங்கில எழுத்தில் இருந்ததால் பிழைத்தேன். பேரை மட்டும் கேள்விப்பட்டு, அம்மா கைக்குக் கிடைக்காமலே போன நாற்பது புத்தகங்களை இறக்கி, அதில் ஏற்றினேன்.

முதல் நாள் வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டம் கட்டமாக இருக்கிறதே என்றாள். வாசிப்பானுக்குத் தமிழ் தெரியாது. எனக்கும்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"ஒனக்கு எது செஞ்சாலும் குத்தம்தான்" என்று நர்சுகள் முன்னால் கத்திவிட்டேன். அவள் வாசிப்பானை என்னிடம் நீட்டிவிட்டு முகட்டைப் பார்த்தாள்.

இரண்டு வாரம் மல்லுக்கட்டி ஒரு தமிழ் எழுத்துருவை அதற்குள் திணித்தேன். கட்டங்கள் போய்த் தமிழ் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"கொள்ளாம் மக்ளே. நல்லாத் தெரியுது."

அதன்பிறகு ஆட்டோவில் திரும்பும்போதெல்லாம் இன்றைக்கு என்ன வாசித்தாய் என்று கேட்பேன். களைப்போடு என் தோளில் சாய்ந்துகொண்டு கதை சொல்வாள். கடலுக்குப் போன புருஷனுக்குத் தினமும் சோறு எடுத்து வைக்கும் ஒருத்தி, அவள் வளர்த்த ஒற்றைக்கண் ஆடு என்று நாள்கணக்காக அது நீண்டது. நான் பாதி கேட்பேன். பாதி நேரம் ஆபீஸ் போன். எட்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவள் போனபிறகு நான் தமிழ் எழுத்துப் படித்தேன். முதலில் எடுத்தது அந்த வாசிப்பானைத்தான். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், புள்ளி வேறெங்கோ. புதிதாகப் படித்தவன் என்பதால் எனக்குத்தான் ஓடவில்லை என்று நினைத்து, ஒரு தமிழ் வாத்தியாரிடம் காட்டினேன். இதில் மனுஷன் ஒரு பக்கம் தாண்ட மாட்டான் என்றார். நாற்பதும் அப்படித்தான்.

அச்சுப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒற்றைக்கண் ஆடு எதிலும் இல்லை. கடலுக்குப் போனவனும் இல்லை. மறுபடி நான் கத்திவிடக் கூடாதே என்று, முகட்டைப் பார்த்துக் கிடந்த நேரத்தில் அவளே கட்டிய கதை அது. நான் மீட்டுக் கொடுத்தது ஒன்றுமே இல்லை.

அந்தப் பெண்ணின் புருஷன் திரும்பி வந்தானா என்று எனக்குத் தெரியாது. அன்று அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் போனில் இருந்தேன்.