ரொறன்ரோவில் நல்ல வெயில்

வானொலி உரிமத்தை எதிர்த்து அரசாங்க ஆணையத்துக்கு மனுப் போடுவதைப்போல நன்றிகெட்ட தொழில் வேறில்லை. சம்பளமும் கிடையாது, போட்ட பிறகு கல்யாண வீடுகளில் பக்கத்தில் இருக்க ஆளும் கிடையாது. பாடசாலைக்கோ மாநகரசபைக்கோ முறைப்பாடு எழுதி அலைந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பதினொரு பேர்

என் பள்ளித் தோழி ராணியின் கணவர் மொன்றியலின் லாசால் பகுதியில் காலமானார். எங்கள் தமிழ் வானொலி உரிமம் வாங்கியபோது, காலை ஏழு தொடக்கம் எட்டு வரை மொன்றியலிலேயே தயாரித்த நிகழ்ச்சி தருவோம் என்று எழுதிக் கொடுத்தது. பிறகு அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, ரொறன்ரோ நிகழ்ச்சியை அப்படியே எடுத்துப் போட்டது. மரண அறிவித்தலும் அங்கேயிருந்துதான். ராணியின் கணவர் பெயரை ரொறன்ரோப் பெயர்களுக்கு நடுவில், ஊர் சொல்லாமல் வாசித்தார்கள். கேட்டவர்கள் ஆரோ ரொறன்ரோக்காரர் என்று இருந்துவிட்டார்கள்.

அடக்கப் பூசைக்கு வந்தது பதினொரு பேர். அதில் இருவர் பெட்டி தூக்க வந்த கம்பனிக்காரர். ராணி அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “முப்பது வருசமா இந்த ஊரில எல்லாற்ற வீட்டுக்கும் குழாய் பூட்டிக் குடுத்த மனுசன். ஆக்கள் இல்லாதவர் மாதிரிப் போயிட்டார்.”

கொப்பி

வானொலி உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தது. எதிர்க்கிறவர் ஆதாரம் காட்டவேண்டும். ஒரு மாதம் குசினியில் கொப்பியும் பேனையுமாக இருந்து, காலை ஆறிலிருந்து கேட்டேன். வெளியே உறைமழை, நடைபாதை முழுக்கக் கண்ணாடிபோல ஐஸ். வானொலியில் நல்ல வெயில். எழுதினேன். நாங்கள் ஒருநாளும் போகாத நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். எழுதினேன். கறி அடிப்பிடித்தது. அதை எழுதவில்லை. கன்னியாஸ்திரிமார் பிரம்போடு நின்று பழக்கிய கையெழுத்து, நேரம் போட்டு, ஓரம் விட்டு. என் கணவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். நான் சொன்னதில ஒரு வரி எழுதி வைச்சிருக்கிறீரோ?”

இரண்டு கையெழுத்து

மனுவுக்குக் கையெழுத்து வாங்க நகரின் மறுகோடியில் கார்ட்டியர்வில்லுக்குப் போனேன். எங்கள் பங்குக் கோயில் றோஸ்மேரி மாமி தேத்தண்ணி தந்து, வாசிக்காமலே போட்டா. மேசையில் இன்னொரு கடிதம் கிடந்தது. வானொலிக்கு ஆதரவு. அதிலும் அவவின் கையெழுத்து.

“மாமி, எதிர்த்தும் போட்டு ஆதரிச்சும் போட்டால் ஆணையம் என்ன நினைக்கும்?”

“ஆணையம் என்ர வீட்டை வாறேல்லையே. வானொலிக்காரர் நேற்று வந்தவர், நீ இண்டைக்கு வந்தனி. வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பிறதே?”

முன்வாங்கு

மனுவின் பிரதியை எதிராளிக்கும் நாங்களே அனுப்பவேண்டும் என்பது விதி. அனுப்பினேன். அடுத்த ஞாயிறு பூசையில் எனக்கு முன்வாங்கில் வானொலி நடத்தும் ஜெயசீலன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என்னை அக்கா என்பார். என் கோபத்தில் பாதி அதுதான். பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் திரும்பினார், கைகூப்பினார், குரலைத் தாழ்த்தினார்: “சமாதானம் அக்கா. அந்தப் பத்தாம் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ.”

பத்தாம் பக்கம் உறைமழை. நான் எடுக்கவில்லை.

விசாரணை

விசாரணை வீடியோவில் நடந்தது. பதினொரு பேர் கதையைச் சொன்னேன். ஆணையத்துப் பெண்மணி பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா. பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வானொலி கேட்டீர்கள் என்றா. பதினைந்து என்றேன், பெருமையாகத்தான். அங்கேதான் பிழை விட்டேன். கடைசிச் சொல் விண்ணப்பதாரருக்கு. ஜெயசீலன் என் கொப்பியின் பிரதியைக் கமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினார்: “இந்த அம்மையார் ஒரு மாதமாக எங்களை விட்டு அசையவில்லை. வேறெந்த நிலையத்துக்கு இப்படியொரு நேயர் இருக்கிறார்?”

ஆண்டுப் பூசை

மாதக்கணக்கில் காக்கவைத்துத் தீர்ப்பு வந்தது. உரிமத்தைப் பறிக்கவில்லை. குறுகிய காலத்துக்கு மட்டும் நீட்டி, ஏழு மணி நிகழ்ச்சி மொன்றியலிலிருந்தே வரவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நிகழ்ச்சி திரும்பத் தொடங்கிய முதல் கிழமையே ராணியின் கணவருக்கு ஆண்டுப் பூசை. ஜெயசீலன் தானே வாசித்தார்: பெயர், லாசால், கோயில், நேரம். இரண்டு தரம்.

கோயிலில் நிற்க இடமில்லை. குழாய் பூட்டுவித்த வீடுகள் எல்லாம் வந்திருந்தன. “தெரியாமல் போச்சுது பிள்ளை” என்று ஒவ்வொருவராக ராணியின் கையைப் பிடித்தார்கள். பூசை முடிந்து மண்டபத்தில் அவள் என்னைத் தேடி வந்தாள், கண் சிவந்து, கையில் அகப்பையோடு: “போன முறை பதினொரு பேர் எண்டு அறுபது பேருக்குத்தான் சமைச்சனான். உனக்கும் எனக்கும் சோறில்லையடி.”

ஒரு வானொலியை மூடவென்று வெளிக்கிட்ட நான், அதற்கு நிரந்தர நேயராகி, வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வீடு வந்து, மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி கொப்பியைத் திறந்தேன்.