வரவில்லை என்று எழுதப்பட்டவர்

என் மேசைமேல் ஓர் அக்கா வைத்த கைப்பேசியின் திரையில், முந்தின நாள் நான் அனுப்பிய குறுஞ்செய்தி தெரிந்தது: இரண்டு முறை வராததால் உங்கள் பெயர் நீக்கப்படுகிறது. வீடில்லாத பெண்களுக்கு இணையவழி மனநல ஆலோசனை ஏற்பாடு செய்யும் சிறிய அமைப்பு ஒன்றில், மலேசியாவின் ஜொகூர் பாருவில், அப்போது நான் பதிவு வேலை பார்த்தேன். அந்த அக்கா காஹாங் தோட்டத்தில் பிறந்தவர். சிங்கப்பூரில் துப்புரவு வேலை செய்தவர். கணவனின் அடி தாங்காமல் வெளியேறி, தெரிந்தவர் வீடுகளில் மாறி மாறித் தங்கி, கடைசியில் அதுவும் இல்லாமல் போனவர்.

"வரலன்னு போட்டிருக்கீங்க. நான் வந்தேன் மிஸ். பேசத்தான் இடமில்ல" என்றார்.

முதல்முறை பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பேரங்காடிக் கழிப்பறையில் நின்று அழைப்பை எடுத்திருக்கிறார். "தனியா இருக்கீங்களா?" என்று ஆலோசகர் கேட்கும்போதே வெளியே யாரோ தட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை பேருந்து நிறுத்தம்; பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்ததும் துண்டித்துவிட்டார். எங்கிருந்தும் பேசலாம் என்று எங்கள் விளம்பரத் தாளில் எழுதியவள் நான்தான். எனக்குக் கூசியது.

நாற்காலிகள் அடுக்கியிருந்த பொருளறையை உடனே ஒழித்து, ஆலோசகரை அழைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, அழுது வீங்கிய முகத்தோடு வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு, "என்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருக்காங்க. கூட்டிட்டு வரலாமா?" என்றார்.

மேலாளர் தயங்கினார். அக்கா அவர் எதிரில் உட்கார்ந்து, "வீடு இருக்கறவங்க ரூமுக்குப் போயி கதவ சாத்திக்குவாங்க சார். நாங்க எங்க போயி சாத்திக்கிறது?" என்று கேட்டார். மறுவாரம் நால்வரும் வந்தார்கள்.

பிறகு நாங்கள் இருவரும் ஊர் ஊராக அறை கேட்டு அலைந்தோம். பலர் கைவிரித்தார்கள். ஒரு தேவாலயத்தின் ஞாயிறு வகுப்பறையும் காஹாங்கில் ஒரு கிளினிக்கின் காலி அறையும் கிடைத்தன. பதிவுப் படிவத்தில் முகவரிக்கான கட்டத்தை எடுத்துவிட்டு, 'பேச இடம் வேண்டுமா?' என்று சேர்த்தோம். அந்த வரி அக்கா சொன்னது.

இப்போது அவர் பெக்கான் நானாஸில் வாடகை அறையில் இருக்கிறார். அன்னாசித் தோட்டத்தில் வேலை. சனிக்கிழமைகளில் பஸ் மாறி காஹாங் போய், பெண்கள் பேசும் அறைக்கு வெளியே காவலாக உட்கார்ந்துகொள்கிறார். சென்ற வாரம் நானும் போயிருந்தேன். உள்ளே போகப் பயந்து நின்ற ஓர் இளம்பெண், "ஆன்ட்டி, நீங்க இங்க ஸ்டாஃபா?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார்.

"ஆமாலா," என்றேன், அவர் வாய் திறக்குமுன். "எங்க எல்லாருக்கும் இவங்கதான் சீனியர்."

அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து அவளை உள்ளே அழைத்துப்போனார்.