புளிச்ச மால்ட்டும் ஏட்டய்யா சாட்சியும்

1. மழை வந்தா வேலை இல்ல

"நாளையிலருந்து வர வேணாம் பச்சையம்மா. தை பொறக்கட்டும், சொல்லி அனுப்பறேன்."

வரதப்பன் முதலாளி இதை வருஷா வருஷம் ஐப்பசியில சொல்லுவாரு. செஞ்சி கடைத்தெருவுல அவரு சோடா கம்பெனி வெச்சிருந்தாரு. கம்பெனின்னதும் பெரிசா நெனச்சுக்காதீங்க. ஒரு தகரக் கொட்டகை, கையால சுத்தற கேஸ் மிஷின் ஒண்ணு, தண்ணித் தொட்டி, கோலி பாட்டில் அடுக்கின மரப்பெட்டிங்க, அவ்வளவுதான். மிஷின் சுத்த ஏழுமலை. பாட்டில் கழுவ, எசன்ஸ் கலக்க நான். வெயில் காலத்துல கோட்டை ஏறி எறங்கற ஜனம் வாய் வறண்டு வந்து நிக்கும், பாட்டில் பாட்டிலா ஓடும். மழை புடிச்சுதுன்னா சோடாவை ஒருத்தரும் சீந்த மாட்டாங்க.

கலக்குனதை ருசி பாக்கற வேலையும் எங்கிட்டதான் வந்துச்சு. நாக்கு நல்ல நாக்குன்னு இல்ல. முதலாளி வாயில எந்நேரமும் புகையிலை, அவருக்கு எல்லாம் ஒரே ருசி. அவரு சம்சாரம் கமலம்மா சாமிக்குப் படைக்காம எதையும் வாயில வெக்க மாட்டாங்க. ஏழுமலை எதைக் குடுத்தாலும் "சூப்பரா இருக்குது"ம்பான். வேற ஆள் இல்ல, நான்தான்.

வேலை நின்னா நான் போற எடம் பனமலை. அங்க எங்க அண்ணன் வீடு. என் வீட்டுக்காரரு மெட்ராஸுக்கு வேலைக்குப் போறேன்னு போனவரு, போனவருதான். கையில ஒரு பொண்கொழந்தை. அண்ணன் நல்லவரு, வாயே தொறக்க மாட்டாரு. அண்ணியும் வாய் தொறக்க மாட்டாங்க, ஆனா எனக்குச் சோறு போடறப்ப மட்டும் கரண்டி சட்டியில ணங்குன்னு விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு மழைக்காலம் பூரா சாப்பிட்டுப் பாருங்க, தெரியும். அந்த வருஷம் போகறதில்லைன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

"மழைக்கு விக்கற மாதிரி ஒரு சரக்குப் போடலாமே முதலாளி" அப்படின்னேன்.

"மழைக்கு இன்னாத்தை விக்கறது? கொடையா?"

உள்ள இருந்து கமலம்மா குரல் குடுத்தாங்க. "ஏங்க, நான் புள்ளைங்களுக்குக் காய்ச்சற கேழ்வரகு மால்ட்டுல கேஸ் அடிச்சா இன்னா?"

முதலாளி வெத்தலைச் சாறை வாசல் மழையில துப்பினாரு. அவரு சிரிச்சு நானும் பாத்ததில்ல, ஏழுமலையும் பாத்ததில்ல. "போட்டுப் பாருங்க. கடைக்காரங்களைக் கூப்பிட்டுக் குடுப்போம். அவங்க ஆர்டர் குடுத்தா நீயும் ஏழுமலையும் இருங்க. இல்லேன்னா மூட்டையைக் கட்டுங்க" அப்படின்னுட்டு எழுந்து போயிட்டாரு.

2. உறை

மால்ட்டு பண்றது கஷ்டமில்ல, பொறுமை வேணும். கேழ்வரகை ஊற வெச்சு, துணியில கட்டி, முளை விட்டதும் நெழல்ல காய வெக்கணும். அப்புறம் வறுக்கணும். வறுத்தா கடைத்தெரு பூரா வாசம் போகும், ரெண்டு பேரு வந்து "இன்னா பண்றீங்க"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. ஒண்ணும் பாதியுமா ஒடைச்சு, தண்ணியில காய்ச்சி, பனைவெல்லம் போட்டு, சுக்கு தட்டிப் போட்டு, வெள்ளைத் துணியில வடிகட்டி மண்பானையில ஊத்தி வெக்கணும். காபி டிகாஷன் கலர்ல இருக்கும்.

இதுல கமலம்மாவுக்கு ஒரு பழக்கம். அவங்க வீட்டுல தோசை மாவு அரைச்சா, பழைய மாவுல ஒரு கை எடுத்துப் புதுசுல போடுவாங்க. தயிர்னா உறை. எதுலயும் பழசு கொஞ்சம் சேரணும். மால்ட்டையும் விடல. முதல் பானை மால்ட்டு ரெண்டு நாள் கெடந்து லேசாப் புளிச்சுது. அதைக் கொட்டாம ஒரு கரண்டி எடுத்து அடுத்த பானையில ஊத்துனாங்க. அதுலருந்து ஒரு கரண்டி அதுக்கடுத்த பானைக்கு.

"எதுக்கும்மா இது?"ன்னு கேட்டேன்.

"உறை ஊத்தாம எதுடி ருசியா வரும்?" அப்படின்னாங்க.

நியாயமாத்தான் பட்டுது. எங்க வீட்டுலயும் அப்படித்தான்.

கேஸ் சிலிண்டர் விழுப்புரத்துலருந்து லாரியில வரணும். மழையில தரைப்பாலம் முழுகிடுச்சு, லாரி வரல. நாலைஞ்சு நாள் மால்ட்டு பானையிலயே கெடந்துச்சு. ஒருநாள் காலையில மூடியைத் தொறந்தா உள்ள பொசபொசன்னு சத்தம். மேல வெள்ளையா நுரை கட்டியிருக்குது. காதை வெச்சுக் கேட்டேன், பானை என்னமோ பேசற மாதிரி இருந்துச்சு.

ஏழுமலை ஓடி வந்து பாத்தான். "முதலாளி, கேஸே அடிக்கல, அதுவே கேஸ் அடிச்சுக்குது."

முதலாளி பானையைச் சுத்திச் சுத்தி வந்தாரு. "அப்ப சிலிண்டர் செலவு மிச்சமா?" அப்படின்னாரு. அவரு மூஞ்சி அவ்வளவு தெளிஞ்சு நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு மத்தியானமே கடைக்காரங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டாரு.

3. ருசி பாத்த மத்தியானம்

அது மதுவிலக்கு அமல்ல இருந்த காலம். ஊர்ல சொட்டு கெடையாது. குடிக்கணும்னா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறணும், வர்ற வழியில வாயை ஊதச் சொல்லிப் போலீஸ் புடிக்கும். சாராய வாசமே எனக்குத் தெரியாதுன்னு சத்தியமாச் சொல்ல மாட்டேன், கிராமத்துல பொறந்தவ. ஆனா கேழ்வரகும் வெல்லமும் சுக்கும் சேந்தா அது சத்துக் கஞ்சிதானே. யாருக்குச் சந்தேகம் வரும்?

முதல் டம்ளர் சாமி படத்துக்கு முன்னாடி. ரெண்டாவது எனக்கு.

வாயில வெச்சதும் வறுத்த கேழ்வரகு வாசம், தோசைக்கல்லுல ஒட்டின ஓரம் மாதிரி. பின்னாடியே வெல்லத்தோட இனிப்பு வந்து, அதுக்கும் பின்னாடி லேசா ஒரு கசப்பு. நுரை மூக்கைக் குறுகுறுன்னு பண்ணிட்டுது. தொண்டையில எறங்கின பொறகுதான் விஷயமே. வெளிய ஜில்லுனு மழை, வயித்துக்குள்ள யாரோ சின்னதா அடுப்பு மூட்டினாங்க. போன வருஷம் என் பேரன் பெங்களூர்ல ஒரு எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, மழை சீசனுக்குன்னு போடற மால்ட் பீராம், ஒரு வாய் குடுத்தான். அதே ருசி. வெலையைக் கேட்டேன், அதுலதான் தலை சுத்திச்சு.

"எப்படி இருக்குது?" அப்படின்னாரு முதலாளி.

"இன்னொரு டம்ளர் குடுங்க, சொல்றேன்."

அதையும் குடிச்சு முடிச்சதும் எனக்கு பாட்டில் கழுவற பிரஷ்ஷைப் பாத்தா சிரிப்பு. அதுக்கு அவ்வளவு முடி எதுக்குன்னு தோணுது. அடக்கப் பாக்கறேன், முடியல. அதுக்குள்ள ஜவுளிக்கடை மாணிக்கமும் இன்னும் நாலு கடைக்காரங்களும் வந்துட்டாங்க. ஆளுக்கொரு டம்ளர். "அட, இன்னாய்யா இது, அருமையா இருக்குதே" அப்படின்னு இன்னொண்ணு. மழைக்குப் பயந்து யாரும் கெளம்பல, அதனால இன்னொண்ணு.

ஏழுமலை எங்கிட்ட வந்து காதுல சொன்னான். "யக்கா, இது பீரு. நான் பாண்டியில குடிச்சிருக்கேன். அதைவிட இது நல்லா இருக்குது."

போலீஸுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். எல்லாரையும் புடிச்சு உள்ள வெச்சுடுவாங்க, என் கொழந்தை பனமலையில கரண்டிச் சத்தத்துல வளரும். பயத்துல அழுகை வரணும், வந்தது சிரிப்பு. ஏழுமலையும் சிரிக்கறான். அந்த நேரம் பாத்து வாசல்ல கொடையை மடக்கிக்கிட்டு ஏட்டு ராமலிங்கம் வந்து நின்னாரு. தெனம் அந்த நேரத்துக்கு அவருக்கு ஒரு சோடா, ஓசியில.

"இன்னா கூட்டம்?"

"புது சரக்கு ஏட்டய்யா, மால்ட்டு" அப்படின்னு முதலாளி டம்ளரை நீட்டிட்டாரு. நான் தடுக்கறதுக்குள்ள ஏட்டய்யா ஒரே மூச்சுல குடிச்சிட்டாரு. மீசையில நுரையோட நின்னு யோசிச்சாரு. நான் சாமியைக் கும்பிட்டேன். ஆனா சாமி முன்னாடியும் ஒரு டம்ளர் இருந்துச்சு.

"ஒடம்புக்கு நல்லதா?"ன்னு கேட்டாரு.

"சத்து" அப்படின்னாங்க கமலம்மா.

"அப்ப இன்னொண்ணு ஊத்து."

நாலாவது டம்ளர்ல ஏட்டய்யாவுக்குக் கடமை ஞாபகம் வந்துடுச்சு. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு "ஊது, ஊது"ன்னாரு. ஜவுளிக்கடைக்காரர் ஊதினாரு. "மால்ட்டு. போ." முதலாளி ஊதினாரு. "மால்ட்டு, கொஞ்சம் புகையிலை. போ." என்னை ஊதச் சொல்லல, பொம்பளைன்னு மரியாதை. கடைசியில அவரு உள்ளங்கையில அவரே ஊதிப் பாத்துட்டு, "நானும் மால்ட்டு" அப்படின்னாரு. தொப்பியைக் கழட்டி மிஷின் சக்கரத்துல மாட்டினாரு. ஏழுமலை அதோட சேத்துச் சக்கரத்தைச் சுத்தினான். தொப்பி சுத்தறதைப் பாத்து கொட்டகையே சிரிச்சுது.

அப்பத்தான் முதலாளி சிரிச்சாரு. மொதல்ல இருமல்னு நெனச்சோம். சிரிப்புதான், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. கடைக்காரங்க "எனக்குப் பத்துப் பெட்டி", "எனக்கும் போடுங்க"ன்னு கத்தறாங்க. ஜவுளிக்கடை மாணிக்கம், "என் கணக்குல பச்சையம்மாவுக்குத் தீவாளிக்கு ஒரு பூப்போட்ட சேலை" அப்படின்னாரு. முதலாளி விடுவாரா? மரப்பெட்டி மேல ஏறி நின்னாரு. பெட்டி ஆடுது, அவரும் ஆடறாரு.

"எல்லாரும் கேளுங்க. இனிமே இந்தக் கம்பெனியில மழைன்னு சொல்லி ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன். நான் உசுரோட இருக்கற வரைக்கும். ஏட்டய்யா சாட்சி."

ஏட்டய்யா வெறுந்தலையோட வெறைப்பா நின்னு சல்யூட் அடிச்சு, "சாட்சி" அப்படின்னாரு.

எனக்கு மயக்கமா சந்தோஷமா தெரியல. தண்ணித் தொட்டி ஓரம் ஒக்காந்து அழுதேன், சிரிச்சேன், ரெண்டும்தான்.

4. நிதானம்

மறுநாள் காலையில தலைக்குள்ள ஏழுமலை மிஷின் சுத்தற மாதிரி இருந்துச்சு. முதலாளி தலையில ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு வந்தாரு. மூஞ்சி பழையபடி ஆயிடுச்சு.

"ஏழுமலை எல்லாம் சொன்னான். அதை விக்க முடியாது பச்சையம்மா. வித்தா கம்பி எண்ணணும். அதனால..." துண்டைக் கழட்டிப் புழிஞ்சாரு. "நேத்து ஏதோ சொன்னேனாம். அதையெல்லாம் மனசுல வெச்சுக்காத. தை பொறக்கட்டும்."

என் கையில பாட்டில் இருந்துச்சு. ஒடைக்கல. அது ஒண்ணுதான் அன்னைக்கு நான் காட்டுன பொறுமை.

"ஏட்டய்யாவைச் சாட்சி வெச்சுச் சொன்னீங்க முதலாளி. அவரு வரட்டும், கேட்டுக்கலாம்" அப்படின்னேன். எங்க இருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ, மிச்சம் மீதி வயித்துல இருந்திருக்கும்.

அவரும் வந்தாரு. கண்ணு செவந்து, தொப்பியை மெதுவா, வலிக்காம தலையில வெச்சுக்கிட்டு. "ஒரு சோடா குடு. வெறும் சோடா."

முதலாளி முந்திக்கிட்டாரு. "ஏட்டய்யா, நேத்து நான் சொன்ன வார்த்தை... நான் என் நிதானத்துல இல்ல, நீங்களே பாத்தீங்க."

ஏட்டய்யா சோடாவைக் கீழ வெச்சாரு. "நிதானத்துல இல்லேன்னா? இன்னா அர்த்தம்?"

முதலாளி ஈரத்துண்டை எடுத்து மறுபடியும் தலையில சுத்திக்கிட்டாரு.

"குடிச்சிருந்தீங்களா? சொல்லுங்க. சொன்னா நான் கேஸ் எழுதணும். எங்க குடிச்சீங்க, யார் கூடக் குடிச்சீங்க, கூட இருந்த போலீஸ்காரன் யாரு, எல்லாம் எழுதணும்." சொல்லச் சொல்ல அவருக்கே வேர்த்துடுச்சு. பானைப் பக்கம் ஒரு பார்வை பாத்தாரு. "நேத்து நாம மால்ட்டு குடிச்சோம். நான் டூட்டியில இருந்தேன், நிதானமா இருந்தேன். நீங்களும் நிதானமா இருந்தீங்க."

"அப்ப நான் சொன்னது?"

"நிதானத்துல சொன்னது சொன்னதுதான். பச்சையம்மா, அந்தப் புளிச்ச கூழை எடுத்துச் சாக்கடையில கொட்டும்மா. நான் நின்னு பாக்கறேன்."

கொட்டினேன். மனசு வலிச்சுது, அவ்வளவு நல்ல சரக்கு. கமலம்மா கரண்டியோட வந்து "உறைக்கு ஒரு கரண்டி வெச்சுக்கோடி" அப்படின்னாங்க. மூணு பேரும் ஒரே குரல்ல "வேணாம்"னோம்.

ஆளை நிறுத்த முடியலேன்னா அவங்களுக்கு வேலை குடுக்கணுமே. முதலாளி ஒரு வாரம் மொறைச்சிட்டு வழிக்கு வந்தாரு. அன்னன்னைக்குக் காய்ச்சி, உறை இல்லாம, சூடா டம்ளர்ல ஊத்தி பஸ் ஸ்டாண்டுல விக்க ஆரம்பிச்சோம். மழையில நனைஞ்சு எறங்கற ஜனம் வாங்கிக் குடிச்சுது. நான் வேலையில இருந்த வரைக்கும் ஐப்பசியில எங்களை யாரும் நிறுத்தல.

இப்ப வேலைக்குப் போற புள்ளைங்களுக்கு நான் சொல்றது இதுதான். முதலாளிகிட்ட நல்ல வார்த்தை வாங்கறப்ப தனியா வாங்காதீங்க. அதை இல்லேன்னு சொல்ல முடியாத ஆளு ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். அவரும் ரெண்டு டம்ளர் போட்டிருந்தா ரொம்ப நல்லது.

தீவாளிக்கு மாணிக்கம் முணுமுணுத்துக்கிட்டே சேலை குடுத்தாரு, அவருக்கும் வேற வழியில்ல. அதைக் கட்டிக்கிட்டு, கொழந்தையைத் தூக்கிக்கிட்டு, ஒரு பை மால்ட்டு மாவோட பனமலைக்குப் போனேன். வாசல்லயே, "சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பணும் அண்ணி, நாளைக்கு வேலை இருக்குது" அப்படின்னேன். அண்ணி இலை போட்டாங்க. சோறு போட்டாங்க, கொழம்பு ஊத்தினாங்க, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ"ன்னு ரெண்டாந்தரமும் போட்டாங்க. காதைத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கரண்டிச் சத்தம் கேக்கவே இல்ல.