முக்கு திரும்பாத வண்டி

குட்டிமணி, நீ கார்ட்டூன்ல பார்த்த வண்டி இன்னைக்கு நம்ம தாராவி கல்லிக்கே, இந்தச் சந்துக்கே வந்துச்சுலே. போன்லதான்.

மீசை முளைச்ச பிறகும் விடாம பார்ப்பியே. சந்து வந்தா வயித்தை எக்கி ஒல்லியாகிப் போகுமே, அதே மாதிரி ஒரு ஆம்புலன்ஸ்.

கழுத்துல கார்டு மாட்டின ஒருத்தர் வீடியோ காட்டினார். "இனிமே வாசலுக்கே வந்துரும்க்கா."

எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு மட்டும் நம்பிக்கை வரல. வீடியோவுல தெரிஞ்ச கல்லி நம்ம கல்லிதான். ஆனா ஒரு வாசல்லயும் தண்ணி டிரம் இல்ல, ஒரு செருப்புகூட இல்ல.

"இதுவும் கார்ட்டூன்தானய்யா?"ன்னு கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல செஞ்சதுக்கா. நிஜ வண்டி இனிமேதான் வரும்."

"அப்ப இங்க வாங்க"ன்னு குழாயடி முக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். உன்னைத் தூக்கிட்டு வந்த ஸ்ட்ரெச்சர் சிக்கின இடம். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுல நிக்க, உன் மூச்சு நின்ன இடம்.

"இதுல எப்படித் திரும்பும்?"

அவர் தோளே ரெண்டு சுவத்துலயும் இடிச்சுது. "மேல கேட்டுச் சொல்றேன்க்கா"ன்னு போயிட்டார்.

சொல்லமாட்டார். மத்த கல்லிக்காரங்களே, உங்க கல்லிக்கும் இவர் வந்தா, முக்குல நிக்க வச்சுக் கேளுங்க.

நீயாவது சொல்லுலே, உன் கார்ட்டூன் வண்டி முக்கு வந்தா எப்படித் திரும்பும்?